பேப்பூர்த் துறையும் போத்தனூர் ஜங்ஷனும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "மாவட்டத்துக்கே தலைநகரம் கோயம்புத்தூர். ஆனால் முதலில் ரயில் வந்தது போத்தனூருக்கு. ஏன்? அந்தப் பழைய பாதை பேப்பூர் என்ற ஒரு சின்னத் துறைமுக கிராமத்தில் போய் முடிந்தது என்கிறார்கள். கடலே இல்லாத கொங்குநாட்டுக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?"

கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் பதில் ஒன்றுதான். பேப்பூருக்குப் போகிற பாதையாக இருந்ததால்தான் அது போத்தனூர் வழியாகப் போனது. 1850களில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி வரைபடத்தை விரித்தபோது ஒரு முனையில் சென்னை இருந்தது, மறு முனையில் மேற்குக் கரையின் கடல் இருந்தது. நடுவில் கிடந்த நிலம் நாம். நான் போத்தனூருக்கு அருகே வளர்ந்தவன். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வெள்ளலூர்க்காரர். ரயில் சத்தத்தை வைத்தே மணி சொல்வார். அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று சின்ன வயதில் கேட்டால், "மலையாளத்துக் கடலுக்குச் சாமி" என்பார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால் படித்துத் தேடியபோதுதான் தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சென்னையின் நிலைமையைப் பார்க்க வேண்டும். ராஜதானியின் தலைநகரமாக இருந்தும் அந்த ஊருக்கு அன்று ஒழுங்கான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டுக் கரைக்கு வர வேண்டும். துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் ஆரம்பித்தது. அதையும் 1881 புயல் நொறுக்கிவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல் போக முடியாது. சென்னையிலிருந்து பம்பாய்க்கோ அரபுக் கரைக்கோ போகிற கப்பல் இலங்கையை முழுதாகச் சுற்ற வேண்டும். நிலத்தின் குறுக்கே ரயில் போட்டு மேற்குக் கரையைத் தொட்டுவிட்டால் அந்தச் சுற்று மிச்சம். கம்பெனிக்காரர்களின் கணக்கு அப்படித்தான் ஓடியது.

மேற்குக் கரை நீளமானது. அதில் பேப்பூர் ஏன்? சாலியாறு கடலில் விழும் இடம் அது. ஆற்றின் முகத்துவாரம் சின்னக் கப்பல்களுக்கும் பாய்மரங்களுக்கும் நல்ல ஒதுக்கிடம். நிலம்பூர்க் காட்டில் வெட்டிய தேக்கு மரங்கள் ஆற்றிலேயே மிதந்து கீழே வந்துவிடும். அந்தத் தேக்கை வைத்து அங்கே காலங்காலமாக 'உரு' என்ற பெரிய மரக்கப்பல்களைக் கட்டினார்கள். அரபு நாட்டு வியாபாரிகள் அதற்காகவே தேடி வந்த ஊர். 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியதும் இந்த மரத்துக்காகத்தான். பரங்கிப்பேட்டை இரும்புக் கம்பெனி தனது இன்னொரு ஆலையை வைத்ததும் பேப்பூரில்தான். ஊர் சின்னது, ஆனால் ஒன்றுமில்லாத ஊர் கிடையாது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. 'பேப்பூர்' என்று பெயர் வைத்த ரயில் நிலையம் பேப்பூரில் இல்லை. பேப்பூர் சாலியாற்றின் வடகரை. ரயில் வந்து நின்றது தென்கரையில், சாலியம் என்ற கிராமத்தில். சாலியாற்றுக்குப் பாலம் கட்டாமல், தென்கரையோடு பாதையை நிறுத்திக்கொண்டார்கள். கோழிக்கோடு போக வேண்டியவர்கள் வண்டியை விட்டு இறங்கி, படகில் ஆற்றைத் தாண்டி, அப்புறம் வடக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் போக வேண்டும். சாலியமும் லேசுப்பட்ட ஊர் கிடையாது. 1531 இல் போர்ச்சுக்கீசியர் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 1571 இல் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் படை அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. இப்படிப்பட்ட ஒரு மணல்முனையில்தான் தென்னிந்தியாவின் முதல் நெடும்பாதை போய் முடிந்தது.

சரி, நம் பக்கம் வருவோம். சென்னையிலிருந்து மேற்குக் கடலுக்கு ரயில் போக வேண்டுமென்றால் மலையைத் தாண்டியாக வேண்டும். பம்பாய்க்காரர்கள் அதே காலத்தில் போர் காட், தல் காட் மலைகளில் பாதை ஏற்றப் பட்ட பாடு பெரியது. சுரங்கத்துக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள், ஆயிரக்கணக்கான கூலிகள் செத்துப்போனார்கள். நமக்கோ வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை திறந்துவைத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதத்தில் கோவைக்காரர்கள் முகத்தில் அறைகிற காற்று வருகிற வாசல் அதுதான். அங்கே ஒரு சுரங்கம்கூடக் குடையத் தேவைப்படவில்லை. மேற்குக் கடலுக்கு ரயில் போகிறது என்று முடிவானதுமே அது கொங்குநாட்டு வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது.

இந்த வாசலை முதலில் கண்டுபிடித்தது இங்கிலீஷ்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'இராசகேசரிப் பெருவழி' என்று அந்த வழிக்குப் பெயர் சொல்கிறது. சோழர் காலத்துப் பெருவழி, கணவாயை நோக்கிப் போகிறது. போத்தனூரை ஒட்டியிருக்கும் வெள்ளலூரில் மண்ணுக்கடியிலிருந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. சேரர் துறைமுகமான முசிறிக்கும் கொடுமணலுக்கும் கரூருக்கும் போன வியாபாரிகள் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். அப்பிச்சி பிறந்த ஊரின் மண்ணில் ரோம் நாட்டுக் காசு இருந்தது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நான் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் அவர் போய்விட்டார்.

ரயிலுக்கு முன்னால் இந்த வழியில் பொதிமாடுகளும் பாரவண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. கொங்குநாட்டுப் புகையிலைக்கு மலபார்தான் பெரிய சந்தை. கிழக்கிந்தியக் கம்பெனி மலபாரில் புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது, எங்கள் பக்கம் விளைந்ததை வாங்கிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பல மடங்கு விலைக்கு விற்றது. தனியே கடத்திக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து தேங்காய், பாக்கு, மிளகு, கருவாடு வரும்.

பருத்திதான் ரயிலுக்கு உண்மையான காரணங்களில் ஒன்று. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்காவை மட்டும் நம்பாமல் வேறு இடத்திலிருந்தும் பஞ்சு வேண்டும் என்று மான்செஸ்டர் முதலாளிகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 1842 இல் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞரின் பொறுப்பில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைச் சோதனையாகப் பயிரிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. அமெரிக்க ரகம் நம் மண்ணில் எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. நம் குடியானவர்கள் உப்பம், நாடன் என்று தங்களுக்குத் தெரிந்த ரகங்களையே போட்டார்கள், மழையை நம்பிய பூமிக்கு அதுதான் தோதாக இருந்தது. விளைந்ததைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது இன்னொரு பாடு. வண்டியில் மூட்டை ஏற்றி நாள்கணக்கில் மண் ரோட்டில் போனால் பஞ்சில் புழுதி ஏறும், மழையில் நனையும், வாடகை விலையைத் தின்றுவிடும்.

மெட்ராஸ் ரயில்வேக்கு அரசாங்கம் ஐந்து சதவீத வட்டி உத்தரவாதம் கொடுத்தது. கம்பெனி நட்டப்பட்டாலும் லண்டனில் பங்கு வாங்கியவருக்கு ஐந்து சதவீதம் நிச்சயம். குறைவதை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து நிரப்புவார்கள். அந்த வரியில் கொங்குநாட்டுக் குடியானவன் கட்டிய கிஸ்தியும் சேர்த்திதான். இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. அங்கிருந்து மேற்கே வேலை நகர்ந்தது. அதேசமயம் மறுமுனையிலும் தொடங்கிவிட்டார்கள். தண்டவாளம், எஞ்சின், இரும்புச் சாமான் எல்லாமே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியவை. கப்பல் வரக்கூடிய ஒரு துறை கையில் இருந்தால் அங்கிருந்தும் பாதை போடலாம் அல்லவா? 1861 மார்ச் 12 அன்று திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே வண்டி ஓடியது. இன்றைய கேரளத்தின் முதல் ரயில் அது. அதே வருஷம் மே மாதம் குற்றிப்புரம் வரை நீண்டது. கிழக்கிலிருந்து வந்த பாதை அந்த வருஷமே சேலத்தை எட்டி, சங்ககிரியைத் தொட்டது. காவிரிக்குப் பாலம் கட்டி, ஈரோட்டைத் தாண்டி, 1862 இல் போத்தனூருக்கு வந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பாதையும் அந்த வருஷமே இணைந்துவிட்டது. சென்னையிலிருந்து பேப்பூர் வரை ஏறக்குறைய நானூறு மைல், ஐந்தரை அடி அகலப்பாதை. ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு ரயிலில் போகலாம் என்ற நிலை நம் நிலத்தின் குறுக்கேதான் உண்டானது.

இப்போது போத்தனூர்க் கேள்விக்குப் பதில் தானாகவே வருகிறது. திருப்பூரிலிருந்து மேற்கே வருகிற பாதை நொய்யலுக்கு வடக்கே ஓடிவருகிறது. இருகூர் வந்ததும் கணவாய் தென்மேற்கே இருக்கிறது, கோயம்புத்தூர் வடமேற்கே இருக்கிறது. பேப்பூரைக் குறிவைத்தவன் இருகூரில் தெற்கே திரும்பி, சிங்காநல்லூர் தாண்டி, நொய்யலைக் கடந்து போத்தனூர் போவான். கோயம்புத்தூருக்குள் போவது அவனுக்கு வீண் சுற்று. அன்றைய கோயம்புத்தூர் அப்படிச் சுற்றிப் போகும் அளவுக்குப் பெரிய ஊரும் இல்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கில்கூட நாற்பதாயிரத்தைத் தொடவில்லை. அதனால் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, வெறும் காட்டுப்பூமியாகக் கிடந்த போத்தனூர் ஜங்ஷன் ஆனது. ரயில்வே காலனி, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சர்ச், ஓட்டு வீடுகள், நிழல் மரங்கள் என்று ஒரு தனி ஊரே அங்கே எழுந்தது. இன்றும் போத்தனூர் நிலையத்தைச் சுற்றி நடந்தால் கோவையின் மற்ற எந்தப் பகுதியிலும் இல்லாத ஒரு பழைய அமைதி தெரியும்.

இதே கதை வழி நெடுகிலும் உண்டு. சேலம் ஜங்ஷன் சேலத்தில் இல்லை, சூரமங்கலத்தில் இருக்கிறது. பாலக்காடு ஜங்ஷன் நெடுங்காலம் ஒலவக்கோடு என்றே அழைக்கப்பட்டது. கொங்குநாட்டில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'ஆர்.எஸ்.' (ரயில்வே ஸ்டேஷன்) என்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருந்துறை ஆர்.எஸ்., விஜயமங்கலம் ஆர்.எஸ்., ஊத்துக்குளி ஆர்.எஸ்., பள்ளிபாளையம் பக்கம் காவிரி ஆர்.எஸ். பாதை ஊருக்கு வரவில்லை, ஊர்தான் மண்டியையும் டீக்கடையையும் தபாலாபீசையும் தூக்கிக்கொண்டு பாதைக்குப் போனது. சூலூருக்கு 'சூலூர் ரோடு' என்ற நிலையம் இருப்பதும் இந்த வகைதான். 'ரோடு' என்று பெயர் முடிந்தால், இங்கே இறங்கி ரோட்டில் இன்னும் கொஞ்சம் போக வேண்டும் என்று பொருள். ஊத்துக்குளி வெண்ணெய் ஊர் ஊராகப் பேர் வாங்கியதற்கு அந்தச் சின்ன ஸ்டேஷனும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். கறந்து கடைந்ததைக் கெடுவதற்குள் வண்டியேற்ற முடிந்தது அல்லவா?

அந்தக் கால எஞ்சின்கள் எரித்தது விறகு. நிலக்கரி தென்னாட்டுக்குச் சுலபமாகக் கிடைக்காத காலம். ஸ்டேஷன் ஸ்டேஷனாக விறகு அடுக்கிவைத்திருப்பார்கள். ஸ்லீப்பர் கட்டைக்கும் மரம், எரிக்கவும் மரம். சென்னை ராஜதானியின் முதல் காட்டதிகாரியான கிளெக்ஹார்ன், ரயில் தின்கிற மரத்தைப் பார்த்து அப்போதே கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். கணவாயின் இரு பக்கமும் இருந்த காடுகள் குறைந்ததில் இந்தப் பாதைக்கும் பங்கு உண்டு. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவே யானைகள் தண்டவாளத்தில் அடிபட்டுச் சாகும் செய்தியை இப்போது படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அந்த வழி யானைகளுக்கும் பெருவழிதான். அண்மையில் அங்கே தண்டவாளத்துக்கு அடியில் யானைகள் போக வழி வெட்டியிருக்கிறார்கள், கேமரா வைத்துக் கண்காணிக்கிறார்கள். நூற்றறுபது வருஷம் கழித்தாவது நடந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

பாதை போட்டு முடித்த நேரம் பாருங்கள், 1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன பஞ்சு நின்றுவிட்டது. இந்தியப் பருத்திக்கு விலை எகிறியது. கொங்குநாட்டில் இருந்த பஞ்சு இப்போது நாள்கணக்கில் மாட்டுவண்டியில் போக வேண்டியதில்லை. கிழக்கேயும் மேற்கேயும் இரண்டு கடல் திறந்திருந்தது. 1865 இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, ஆனால் பருத்தியையும் ரயிலையும் சேர்த்துக் கணக்குப் போடும் பழக்கம் நம்மவர்களுக்கு வந்துவிட்டது. திருப்பூர் ஒரு பருத்திச் சந்தையாக வளர்ந்ததும், ஸ்டேஷனை ஒட்டி ஜின்னிங் ஃபேக்டரிகள் வந்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான். கோவையில் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழில் செய்துகொண்டிருந்த ஸ்டேன்ஸ் குடும்பம் 1888 இல் முதல் நூற்பாலையை ஆரம்பித்தது. நம் ஆட்கள் வரிசையாக மில் கட்டியதும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து அது பெருகியதும் தனியாக எழுத வேண்டிய பெரிய கதை.

அதே பாதையில் பஞ்சகாலமும் வந்தது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலமும் கோயம்புத்தூரும் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்கள். சென்னை, நாகப்பட்டினம், பேப்பூர் என்று மூன்று துறைகளிலும் கப்பலில் இறங்கிய தானியம் ரயிலேறி உள்நாட்டுக்கு வந்தது. ரயில் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ என்று ஒரு பக்கம் சொல்வார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. ரயிலும் தந்தியும் வந்த பிறகு தானியம் விலை அதிகமுள்ள இடத்தைத் தேடி ஓடியது. ஓர் ஊரில் விளைச்சல் பொய்த்தால் விலை எல்லா ஊரிலும் ஏறியது. ஸ்டேஷனில் மூட்டை அடுக்கிக் கிடந்தாலும் வாங்கக் காசில்லாதவன் பட்டினிதான். எங்கள் பக்கத்துக் கிழவிகள் "தாது வருசத்துல" என்று ஆரம்பித்தால் குரல் மாறிவிடும். அவர்கள் அதைப் பார்த்தவர்கள் இல்லை, கேட்டவர்கள். கேட்டதற்கே அப்படி.

கோயம்புத்தூருக்கு ரயில் வந்தது 1873 இல். அதுவும் அந்த ஊருக்காக வரவில்லை. ஊட்டிக்குப் போகும் வெள்ளைக்காரர்களுக்காகவும் மலைத் தோட்டங்களின் காப்பிக்காகவும் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டார்கள். கோவை அதன் வழியில் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899 இல் குன்னூருக்கும் 1908 இல் ஊட்டிக்கும் ஏறியது. இருகூரிலிருந்து பீளமேடு வழியாகக் கோவைக்கு நேராக வரும் பாதை மிகவும் பிற்பாடு வந்தது. அதுவரை சென்னையிலிருந்து வந்தவர் போத்தனூர் போய், அங்கிருந்து திரும்பித்தான் கோவைக்குள் நுழைய வேண்டும். கேரளம் போகும் ரயில்களில் சில இன்றும் கோவைக்குள் வராமல் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் போய்விடுகின்றன. கோவைக்காரர்கள் இதைப் பல வருஷமாகக் குறையாகச் சொல்லி வருகிறோம். குறை நியாயமானது. அந்தக் குறுக்குப் பாதைதான் மூத்த பாதை என்பதும் உண்மை.

ஈரோட்டின் கதையிலும் கடல் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கிரேட் சதர்ன் கம்பெனியின் பாதை தஞ்சாவூர், திருச்சி, கரூர், கொடுமுடி வழியாக 1860களின் கடைசியில் ஈரோட்டில் வந்து சேர்ந்தது. ஆக, ஈரோட்டில் நின்ற ஒரு மஞ்சள் மூட்டைக்கு மூன்று துறைகள் திறந்திருந்தன: கிழக்கே சென்னையும் நாகையும், மேற்கே பேப்பூர். பின்னால் திருச்சிப் பாதையை அகலப்பாதையிலிருந்து மீட்டர்கேஜாக மாற்றினார்கள். அதனால் ஈரோட்டில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டிய நிலை வந்தது. 1929 இல் மறுபடியும் அகலமாக்கினார்கள். அப்படி ஒரு பாதையைக் குறுக்கி, ஐம்பது வருஷம் கழித்து அகலப்படுத்தியதில் வீணான உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, பேப்பூர் என்ன ஆனது? அந்தத் துறைக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு குறைகள். முகத்துவாரத்தில் மணல்திட்டு, பெரிய கப்பல் உள்ளே வர முடியாது, வெளியே நின்று படகில் சரக்கு மாற்ற வேண்டும். அப்புறம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் அந்தக் கடலில் போக்குவரத்தே படுத்துவிடும். வியாபாரிகளும் கச்சேரிகளும் இருந்தது கோழிக்கோட்டில். ஆறு குறுக்கே கிடந்தது. கடைசியில் 1888 இல் ஃபரோக்கில் சாலியாற்றின் மேல் பாலம் கட்டிக் கோழிக்கோட்டுக்கே பாதையைக் கொண்டுபோய்விட்டார்கள். பாதை சாலியத்துக்கு அருகே உள்ள கடலுண்டியிலிருந்து வேறு பக்கம் திரும்பியது. இருபத்தேழு வருஷம் ஒரு கடலோர எல்லையாக இருந்த நிலையம் கிளைப்பாதையின் ஓரத்தில் ஒதுங்கியது, பிறகு அதுவும் இல்லாமல் போனது. வடக்கே பாதை நீண்டுகொண்டே போய் 1907 இல் மங்களூரைத் தொட்டது. மறுவருஷம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இல்லாமல் போனது. ஜோலார்பேட்டைக்கு மேற்கே இருந்த நம் பாதை சவுத் இந்தியன் ரயில்வே கைக்கு வந்தது.

கொங்குநாட்டுச் சரக்கும் வேறு வாசல் பார்த்தது. 1902 இல் கொச்சி சமஸ்தானம் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் போட்டது. அதற்குப் பணம் திரட்ட அந்த மகாராஜா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது கேரளத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. 1920களிலும் 30களிலும் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் கொச்சியின் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிப் பெரிய கப்பல்களை உள்ளே வரவைத்தார். பேப்பூரில் செய்ய முடியாததைக் கொச்சியில் செய்துவிட்டார்கள். கோவையின் பம்பும் திருப்பூரின் பனியனும் மேற்கே கப்பலேறினால் இன்று கொச்சியில்தான்.

இந்தப் பாதையைப் பற்றி எழுதிவிட்டு 1921 நவம்பரை எழுதாமல் விட முடியாது. மலபாரில் மாப்பிளைக் கிளர்ச்சி நடந்த நேரம். பிடிபட்டவர்களில் சுமார் நூறு பேரைத் திரூரில் காற்றுப் புகாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்துப் பூட்டி, பெல்லாரிச் சிறைக்கென்று ரயிலில் அனுப்பினார்கள். வழியில் யாரும் திறக்கவில்லை. போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அன்றும் அடுத்த நாள்களிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திரூரில் அவர்கள் நினைவாக வேகன் டிராஜடி நினைவு மண்டபம் இருக்கிறது. கதவு திறக்கப்பட்ட ஊரான போத்தனூரில் பலருக்கு இது தெரியாது. என் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. அதுவரை எத்தனையோ முறை அதே பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சொல்லப்பட வேண்டும் என்று அழுத்தமாக நம்புகிறேன்.

2001 ஜூன் 22 அன்று மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த மெயில் கடலுண்டி ஆற்றுப் பாலத்தில் தடம் புரண்டு பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பேப்பூருக்குப் போவதற்காக முதன்முதலில் போட்ட அந்தத் துண்டில் இருந்த பாலம் அது. அந்த வண்டி அன்று இரவு நம் ஊர்களைத் தாண்டி வந்திருக்க வேண்டியது.

தெற்குப் பக்கத்துப் பாதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915 இல் மீட்டர்கேஜ் பாதை வந்தது. 1928 இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கும், 1932 இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும் போட்டார்கள். எல்லாம் பழனிக் காவடிகளும் தேங்காய் மூட்டைகளும் போன பாதைகள். 2010களில் அகலமாக்கி மறுபடியும் திறந்தார்கள்.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு வழி சொல்கிறேன். போத்தனூரிலிருந்து ஷொர்ணூர் பக்கம் போகும் வண்டியில் பகல் நேரத்தில் ஏறுங்கள். சன்னலோரம் உட்காருங்கள். எட்டிமடை தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை விலகி நிற்பது தெரியும், வாளையாறு தாண்டியதும் மண்ணின் நிறமும் காற்றின் ஈரமும் மாறும். பட்டாம்பியிலிருந்து பாரதப்புழை கூடவே வரும். திரூர் தாண்டிக் கடலுண்டியில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் சாலியம் போகலாம். நான் போனது ஒரு மாசி மாதம். மீன்வலைகளும் கலங்கரை விளக்கமும் இருந்தன. எந்த இடத்தில் வண்டி நின்றிருக்கும் என்று ஒரு பெரியவரிடம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். அவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே வீடுகளும் தென்னையும்தான். "எவிடந்நு?" (எங்கிருந்து?) என்று கேட்டார். "கோயம்புத்தூர், போத்தனூர்" என்றேன். தலையை ஆட்டி, "வண்டி அவிடந்நல்லே வந்நது" (வண்டி அங்கிருந்துதானே வந்தது) என்றார்.

சாலியத்திலிருந்து பேப்பூருக்கு ஜங்காரில் ஆற்றைக் கடந்தேன். ஆளும் பைக்கும் காரும் ஒன்றாக ஏறிப் போகும் தட்டையான படகு. அக்கரையில் ஒரு பட்டறையில் பாதி கட்டிய உரு ஒன்று நின்றது. தச்சர் ஒருவர் பலகையின் மூட்டுவாயில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் பஞ்சுதான் வைப்பார்களாம்.